பிடுங்குவதும் தர்மமே
உடவத்தகெலேயில் ஒரு சனிக்கிழமை

கண்டிக்கு வருகிறவர்கள் வாவியைச் சுற்றி நடப்பார்கள். பேராதனைப் பூந்தோட்டத்தில் ஒரு பகல் பொழுதைக் கழிப்பார்கள். கடைத்தெருவில் ஏறி இறங்கிப் பிள்ளைகளுக்கு உடுப்பு எடுப்பார்கள். மீரா மக்காம் பள்ளியில் அஸர் தொழுதுவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். தலதா மாளிகையின் பின்புறத்து மலையில் நின்று இவை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தக் காட்டுக்குள் கால் வைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நானும் வைத்ததில்லை. அக்குறணைக்கும் கண்டிக்கும் இடையே ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தூரம்தான். கண்டிக்கு எத்தனையோ முறை போய் வந்திருக்கிறேன். ஆனால் உடவத்தகெலே என்பது எனக்கு பஸ் ஜன்னலில் தெரியும் ஒரு பச்சை நிறம் மட்டுமே. அந்தப் பச்சைக்குள் என்னை அழைத்துப் போனவர் யாருமல்ல, பதின்மூன்று வயதான என் மகள்தான்.

பாடசாலையின் சுற்றாடல் கழகத்திலிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்தாள். உடவத்தகெலேயில் பரவிவரும் அந்நியச் செடிகளை அகற்றச் சனிக்கிழமை ஒரு சிரமதானம் நடக்கிறது, அனுமதி பெறப்பட்டிருக்கிறது, பெற்றோரும் வரலாம் என்று அதில் எழுதியிருந்தது.

கடிதத்தை வாசித்துவிட்டு நான் உடனே "ஆகட்டும்" என்று சொல்லவில்லை. காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2018 மார்ச்சில் திகனையிலும் அக்குறணையிலும் எங்கள் மாவட்டத்தின் இன்னும் பல ஊர்களிலும் என்ன நடந்தது என்பது வாசகர்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் எங்கள் வீட்டு ஜன்னல்கள் திறக்கப்படவேயில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தோம். மறு வருடம் ஈஸ்டர் ஞாயிறன்று நடந்த கொடுமைக்குப் பிறகு, பர்தாவோடு பஸ்ஸில் ஏறுவதற்கே தயங்கிய மாதங்கள் இருந்தன. அவசியமான இடத்துக்கு மட்டும் போவது, வேலை முடிந்ததும் திரும்பிவிடுவது என்பது எங்களில் பலருக்கு அதன் பின் பழகிப்போயிற்று.

"முன்பின் தெரியாத ஆக்களோட காட்டுக்குள்ள போகத்தான் வேணுமா மகள்?" என்று மாமி கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. ஆனால் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்தபோது, என் பயத்தை அவளுக்கும் சொத்தாக எழுதி வைக்கிறேனோ என்று தோன்றியது. "நானும் வாறேன்" என்றேன். ஒன்பது வயது மகனும் தொற்றிக்கொண்டான்.

அரசரின் தோட்டம்

காலை எட்டு மணிக்கு வாசலில் முப்பது பேரளவில் கூடியிருந்தார்கள். பாடசாலைப் பிள்ளைகள், பல்கலைக்கழக மாணவர்கள், சில குடும்பங்கள். வழிநடத்தியவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர். எல்லோரும் "சேர்" என்றுதான் அழைத்தார்கள். வேலை தொடங்குமுன் எங்களை ஒரு மரத்தடியில் உட்காரவைத்து அவர் காட்டின் கதையைச் சொன்னார்.

உடவத்தகெலே என்றால் மேல்தோட்டக் காடு என்று பொருள். கண்டி இராச்சிய காலத்தில் இது அரண்மனைக்கு மேலே இருந்த அரச தோட்டம். பொதுமக்கள் உள்ளே வரக்கூடாது. அதனால் தடைசெய்யப்பட்ட காடு என்ற பெயரும் இதற்கு இருந்தது. 1815இல் இராச்சியம் வீழ்ந்தது. ஆளுநர் வில்மட் ஹோர்ட்டன் 1834இல் காட்டுக்குள் ஒரு பாதை அமைத்துத் தம் மனைவியின் பெயரை அதற்கு வைத்தார். லேடி ஹோர்ட்டன் பாதை என்று இன்றும் அது வழங்குகிறது. 1856இல் இது ஒதுக்குக் காடாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 1938இல் வனவிலங்குச் சரணாலயமாயிற்று.

பரப்பளவு 104 ஹெக்டெயர் அளவுதான். கணக்கில் சின்னக் காடு. ஆனால் நாலு பக்கமும் நகரம் நெருக்கிக்கொண்டு நிற்கும் இடத்தில் 104 ஹெக்டெயர் என்பது சிறிய காரியமல்ல. குரைக்கும் மானும் சருகுமானும் முள்ளம்பன்றியும் மரநாயும் இதற்குள் வாழ்கின்றன. சிங்களத்தில் அலு கிரவா என்று சொல்லும், நம் நாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத சாம்பல் நிறக் கிளியை இங்கே காணலாம். மழை நீரைப் பிடித்து வைத்துச் சிறிது சிறிதாக ஓடைகளில் விடுவதும் இக்காடுதான். ஓரிடத்தில் புஸ்வெல் என்ற பிரமாண்டமான கொடி மரத்துக்கு மரம் தாவிக் கிடக்கிறது. அதன் தண்டு சில இடங்களில் ஒரு மனிதனின் இடுப்பளவு பருமன். மகன் அதன்மேல் குதிரை ஏறப் பார்த்தான். சேர் சிரித்துக்கொண்டே, "புத்தா, இது உங்கள் பாட்டனுக்குப் பாட்டனின் வயது. பெரியவர் மேல் ஏறக்கூடாது" என்றார்.

தடைசெய்யப்பட்ட காடு என்று கேட்டதும் என் நினைவு மதீனாவுக்குப் போயிற்று. இஸ்லாத்தில் ஹிமா என்றொரு ஏற்பாடு உண்டு. பொது நன்மைக்காக ஒரு நிலத்தை ஒதுக்கிப் பாதுகாப்பது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு அருகே நகீஃ என்ற இடத்தை முஸ்லிம்களின் குதிரைகளுக்காக ஒதுக்கினார்கள். மதீனாவின் எல்லைக்குள் மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் தடுத்தார்கள். உமர் (ரழி) அவர்கள் தம் ஆட்சியில் ஒரு ஹிமாவுக்குப் பொறுப்பாளரை நியமித்தபோது, சில ஆடுகளும் சில ஒட்டகங்களும் மட்டுமே உள்ள ஏழைகளை உள்ளே விடும்படியும், செல்வந்தர்களின் மந்தைகள் விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்கும்படியும் பணித்ததாக புகாரியில் வருகிறது. அரசன் தன் இன்பத்துக்காக அடைத்து வைத்த தோட்டத்துக்கும், கலீஃபா ஏழையை முன்னிறுத்திக் காத்த நிலத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்! உடவத்தகெலே இன்று எல்லோருக்கும் திறந்திருக்கிறது. திறந்திருக்கும் ஒன்றைக் காப்பது யாருடைய பொறுப்பு என்பதுதான் கேள்வி.

மகளின் கேள்வி

வேலை ஆரம்பமாயிற்று. எங்களுக்குத் தரப்பட்டது ஒரு சரிவு. தரை முழுவதும் முழங்கால் உயரத்துக்குப் பளபளவென்று ஒரே மாதிரியான கன்றுகள். நெல் வயல்போல் நெருக்கமாக நின்றன. அவற்றைப் பிடுங்க வேண்டும் என்றார்கள்.

மகள் இரண்டு கன்றுகளைப் பிடுங்கினாள். மூன்றாவதில் கைவைத்தவள் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"உம்மா, மரம் நடுறதுதானே சதகா? நாங்க பிடுங்குறமே, பாவமில்லையா?"

நான் திகைத்துப் போனேன். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து ஒரு பறவையோ மனிதனோ மிருகமோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்ற ஹதீஸை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். மறுமை நாள் வந்துவிட்டாலும் கையிலிருக்கும் கன்றை நட்டுவிடும்படி சொன்ன மார்க்கமல்லவா நம்முடையது? எனக்குப் பதில் தெரியவில்லை. சேரிடம் கேட்டேன். அவர் உபதேசம் செய்யவில்லை. மகளை அழைத்துக்கொண்டு சரிவில் சில அடி ஏறினார். நானும் போனேன்.

"துவ, மேலே பாருங்கள்" என்றார். உயர்ந்து வளர்ந்த ஒரு மரம். பல்சம் மரம் என்றும், சிங்களத்தில் கட்டகுமஞ்சல் என்றும் சொன்னார். மத்திய, தென் அமெரிக்க நாடுகளைச் சேர்ந்தது. இதன் பிசின் வாசனை உடையது. இருமல் மருந்துகளிலும் சேர்ப்பார்கள். அப்படிப் பயனுள்ள மரம் என்றுதான் வெள்ளைக்காரர் காலத்தில் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அது காட்டுக்குள் புகுந்துவிட்டது. காய்ந்த காய் ஒன்றைப் பொறுக்கி மேலே எறிந்தார். ஒரு நுனியில் விதை, மறுபுறம் தட்டையான சிறகு. அது ஹெலிகொப்டர் போலச் சுழன்று சுழன்று தூரத்தில் போய் விழுந்தது. "காற்றடிக்கும் நாளில் இப்படி ஆயிரக்கணக்கில் பறக்கும். விழுந்த இடத்திலெல்லாம் முளைக்கும்" என்றார்.

பிறகு குனிந்து அந்தக் கன்றுக் கூட்டத்தை விலக்கிக் காட்டினார். "இதற்குள் வேறு ஏதாவது கன்று இருக்கிறதா, தேடிப் பாருங்கள்."

மகள் தேடினாள். மகனும் வந்து தேடினான். அந்த இடத்தில் வேறெதுவும் இல்லை. கித்துல் கன்று இல்லை. காட்டுப் பழமரக் கன்று ஒன்றும் இல்லை. வெளிச்சம் நிலத்தில் விழவே இடமில்லாதபடி ஒரே இனம் அடைத்துக்கொண்டு நின்றது.

"கித்துல் பழத்தை மரநாய் தின்னும். காட்டுப் பழத்தைப் பறவை தின்னும். இந்தக் காய்ந்த காயில் அவற்றுக்கு என்ன இருக்கிறது? பெரிய மரங்கள் ஒருநாள் விழும். அந்த இடத்துக்கு வர அவற்றின் பிள்ளைகள் இல்லாவிட்டால், காடு பச்சையாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே பட்டினி" என்றார் சேர்.

எனக்கு அந்த ஹதீஸ் புதிதாக விளங்கியது. பறவையும் மனிதனும் மிருகமும் உண்ணுவதால் அல்லவா அது தர்மமாகிறது? உண்ண ஒன்றும் வைக்காமல் இடத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஒன்றை அகற்றி, உண்ணக் கொடுக்கும் ஒன்று வளர வழிவிடுவது அதற்கு எப்படி விரோதமாகும்? பாதையில் கிடந்த முட்கிளையை அப்புறப்படுத்திய மனிதருக்கு அல்லாஹ் பாவத்தை மன்னித்தான் என்று இன்னொரு ஹதீஸும் சொல்கிறதே! மகளிடம் இதைச் சொன்னேன். அவள் கொஞ்சநேரம் யோசித்தாள். பிறகு பிஸ்மி சொல்லிவிட்டுக் குனிந்தாள்.

முதல் நாள் மழை பெய்து மண் இளகியிருந்தது. அடியில் பிடித்து நேராக இழுத்தால் ஆணிவேரோடு வரும். வேர் அறுந்தால் மறுபடி துளிர்க்கும். பிடுங்கியதை மண் உதறிக் குவியலாகப் போட வேண்டும். பெருவிரல் பருமனுக்கு மேற்பட்டவற்றில் நாங்கள் கைவைக்கக் கூடாது, அது திணைக்களத்தின் வேலை. இடையில் உள்நாட்டுக் கன்று ஒன்று தென்பட்டால் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டுவிட வேண்டும். மகன் எண்ணிக்கொண்டே பிடுங்கினான். நூறைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டான்.

போத்தலில் வளரும் விருந்தாளி

பத்து மணிக்கு மேல் எங்களை வேறிடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு கொடி நிலத்தை மூடி, மரங்களில் ஏறி, உச்சிவரை போயிருந்தது. இலைகள் ஒவ்வொன்றும் எங்கள் வீட்டுச் சோற்றுத் தட்டைவிடப் பெரியவை. மஞ்சள் கோடு போட்ட இலை. எங்கேயோ பார்த்த முகம்போல் இருந்தது.

"உம்மா, இது எங்கட மணி பிளாண்ட்!" என்று கத்தினான் மகன்.

உண்மைதான். நம் வீடுகளில் எந்த வீட்டில் அது இல்லை? விருந்தறையில் ஒரு போத்தலில் தண்ணீர் ஊற்றி வைத்திருப்போம். உள்ளங்கையளவு இலையோடு அடக்கமாக இருக்கும். அதே கொடிதான் காட்டில் மரமேறியதும் இப்படி உருமாறிவிடுகிறது. பசுபிக் சமுத்திரத்துத் தீவொன்று அதன் தாயகம்.

சேர் சொன்ன ஒரு செய்தி என்னை வெகுவாகச் சுட்டது. இந்தக் கொடி பூப்பது மிக மிக அரிது. விதையால் பரவுவதில்லை. துண்டு விழுந்த இடத்தில் கணுவிலிருந்து வேர் விட்டுத்தான் பரவுகிறது. அப்படியானால் இந்தக் காட்டுக்கு அது காற்றில் வரவில்லை, பறவை கொண்டுவரவும் இல்லை. மனிதர்தான் கொண்டுவந்திருக்க வேண்டும். அழகுக்கு நட்டிருக்கலாம். வளர்ந்துவிட்டதென்று வெட்டி வேலிக்கு அப்பால் வீசியிருக்கலாம். வீசியவர் கெட்ட எண்ணத்தோடு வீசியிருக்க மாட்டார். நானே வெட்டிய துண்டுகளை வீட்டுக்குப் பின்னால் ஓடைக்கரையில் எத்தனை முறை வீசியிருக்கிறேன்!

கொடியை அறுத்தால் போதாது. ஒரு கணுகூட நிலத்தில் மிஞ்சக்கூடாது. ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கிச் சாக்கில் கட்டிப் பாதைவரை சுமந்து வர வேண்டும். பால் பட்டால் தோல் அரிக்கும், கையுறை அவசியம். ஐந்து சாக்கு நிரப்பியும், எங்களுக்குத் தந்த இடத்தில் ஒரு மூலைதான் வெளித்தது. இடுப்பு நோவெடுத்தது. ஒரு நொடியில் வீசியதை அள்ள முப்பது பேருக்கு ஒரு பகல் போதவில்லை.

பாறையில் ஒரு தொழுகை

பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் உட்கார்ந்தோம். அட்டைகள் எங்களை விட்டுவைக்கவில்லை. சவர்க்காரம் பூசியிருந்தும் என் கணுக்காலில் இரண்டு. உப்பைத் தொட்டு எடுத்தோம்.

நானும் பிள்ளைகளும் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தோம். பழக்கம் அப்படி. எங்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபோது, காலை முழுவதும் பக்கத்துச் சரிவில் கொடி அறுத்துக்கொண்டிருந்த ஒரு வயதான சிங்களத் தாய் எழுந்து வந்தார். கையில் ஒரு சட்டி. அவித்த மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ப் பூவும்.

"துவே, கிழங்கு மட்டும்தான். உங்களுக்கு ஆகாதது ஒன்றும் இதில் இல்லை. நானே வீட்டில் அவித்தேன். பிள்ளைகளுக்குக் கொடுங்கள்" என்றார் சிங்களத்தில்.

அவர் கேட்காமலே எங்கள் மனதிலுள்ளதை விளங்கிக்கொண்டு சொன்ன அந்த வார்த்தை என்னை என்னவோ செய்துவிட்டது. நானும் எங்கள் இடியப்பத்தையும் சம்பலையும் நீட்டினேன். அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அக்குறணை என்றதும், "அந்த நாட்களில் நீங்கள் மிகவும் கஷ்டப்பட்டிருப்பீர்கள்" என்று மெல்லச் சொன்னார். "எங்கள் தெருவில் ஒரு முஸ்லிம் குடும்பம் இருக்கிறது. அன்று இரவு அவர்கள் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள்." அவ்வளவுதான். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பிள்ளைகள் கிழங்கைச் சாப்பிட்டு முடித்தார்கள்.

லுஹருக்கு எங்கே போவது என்று நான் சுற்றுமுற்றும் பார்த்ததை சேர் கவனித்திருக்க வேண்டும். ஓடைக்கு மேலே ஒரு தட்டையான பாறையைக் காட்டினார். அட்டைக் கடியில் இரத்தம் வடிந்ததே, வுழூ என்னாகும் என்று மகள் கேட்டாள். நம் ஷாஃபி மத்ஹபில் அப்படி வடியும் இரத்தம் வுழூவை முறிக்காது, கழுவிக்கொண்டால் போதும் என்று சொன்னேன். ஓடைத் தண்ணீரில் கழுவி, வுழூச் செய்து, மூவரும் தொழுதோம். சுஜூதில் நெற்றி பாறையில் பட்டபோது குளிர்ச்சியாக இருந்தது. பூமி முழுவதும் நபி (ஸல்) அவர்களின் உம்மத்துக்குத் தொழுமிடமாக ஆக்கப்பட்டிருக்கிறது என்று படித்ததை அன்றுதான் உணர்ந்தேன். வீட்டுக் கதவுக்குள் மட்டுமே பாதுகாப்பு என்று எண்ணி நான் எவ்வளவு காலத்தைக் கழித்துவிட்டேன்!

நம் ஊரிலும் செய்யலாம்

சிரமதானம் என்ற சொல் நம் நாட்டில் எல்லோருக்கும் தெரியும். உழைப்பைத் தானமாகக் கொடுப்பது. கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியராக இருந்த ஏ. ரி. ஆரியரத்ன 1958இல் தம் மாணவர்களைக் கனதொளுவ என்ற பின்தங்கிய கிராமத்துக்கு அழைத்துச் சென்று செய்த வேலையிலிருந்துதான் சர்வோதய இயக்கம் வளர்ந்தது. 2024இல் அவர் காலமானார். அவர் பரப்பிய சொல் நாட்டுக்கே சொந்தமாகி நிற்கிறது. பணம் இருப்பவர்தான் தர்மம் செய்யலாம் என்றில்லை, கையும் காலும் உள்ள எவரும் செய்யலாம் என்பதே அதன் சாரம். சதகாவைப் பற்றி நம் மார்க்கம் சொல்வதும் அதைத்தானே?

எல்லோரும் உடவத்தகெலேக்குப் போக வேண்டியதில்லை. ஒவ்வோர் ஊரிலும் ஒரு சிறுவர் பூங்கா, ஒரு விளையாட்டு மைதானம், ஓர் ஆற்றங்கரை இருக்கிறது. சனிக்கிழமை ஒன்றில் நாலு குடும்பங்கள் சேர்ந்தால் போதும். முதலில் பிரதேச சபையிடமோ உரிய திணைக்களத்திடமோ அனுமதி எடுங்கள். எது உள்நாட்டுச் செடி, எது அந்நியச் செடி என்று தெரிந்த ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் பிடுங்குவது தெரியாமல் நடுவதைவிட ஆபத்து. பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டையும் கையுறையும் போடுங்கள். ஒருமுறை செய்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். ஆறு மாதத்தில் அதே இடத்துக்குப் போய்ப் பாருங்கள், மண்ணுக்குள் கிடந்த விதைகள் மறுபடி முளைத்திருக்கும். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தையும் தமிழ்க் குடும்பத்தையும் கூப்பிட மறக்காதீர்கள். கூப்பிடுவதற்குத் தயக்கமாக இருக்கும். எனக்கும் இருந்தது.

மறுநாள் காலை நான் செய்த முதல் வேலை, வீட்டுக்குப் பின்னால் ஓடைக்கரையில் நானே வீசிய மணி பிளாண்டைத் தேடியதுதான். பெருவெள்ளம் வரும்போதெல்லாம் பிங்கா ஓயா நம் கடைத்தெருவுக்குள் ஏறி வருவது அக்குறணைக்காரருக்குப் புதிதல்ல. ஆற்றிலும் ஓடைகளிலும் நாம் எறிந்த குப்பையும் அதோடு சேர்ந்தே திரும்பி வருகிறது. கொடி கரையில் நன்றாக வேரூன்றி, பக்கத்து வீட்டு மாமரத்தில் ஏறத் தொடங்கியிருந்தது. பிள்ளைகளும் நானும் அதைக் கணு மிஞ்சாமல் எடுத்து முடிக்க இரண்டு மணி நேரமாயிற்று. மாமி சமையலறைப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த சனிக்கிழமையும் கண்டிக்குப் போறீங்களா?" என்று கேட்டார்.

"இன்ஷா அல்லாஹ்" என்றேன்.

"அந்த ஆச்சிக்கு ஏதும் செஞ்சு தாறேன், கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டு மாமி உள்ளே எழுந்து போனார்.